எரிந்தால்தான் மருந்தா?

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் இறங்கி தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தை நோக்கி நடப்பவர்களில் தோல் நோய்க்காக வருகிறவர்கள் நிறையப் பேர். 2005 செப்டம்பரில் திறக்கப்பட்ட இந்த நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதரின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை நடத்திய அந்தச் சிந்தனையாளர் தொழிலால் சித்த மருத்துவர். பொருத்தமான பெயர். சொரியாசிஸைச் சித்த மருத்துவம் காளாஞ்சகப்படை என்கிறது. அதற்கு இங்கே மேல்பூச்சாகக் கொடுக்கும் முக்கியமான மருந்து வெட்பாலைத் தைலம்.

வெட்பாலை நம் வறண்ட காடுகளில் தானாக வளரும் சிறுமரம். கர்நாடகத்துச் சென்னபட்டணா மரப்பொம்மைகளை இந்த மரத்தில்தான் கடைகிறார்கள். பச்சை இலையைக் கையால் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால், சில நாளில் எண்ணெயின் நிறம் மாறத் தொடங்குகிறது. பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தால் கண்ணாடி ஓரமாகச் செம்மை கலந்த ஊதா படரும். இந்த இலையிலிருந்து ஒரு காலத்தில் நீலச் சாயம் எடுத்திருக்கிறார்கள். எண்ணெயின் நிறமும் அந்த வகைப் பொருள்களிலிருந்து வருவதுதான். நீலச் சாயச் செடிகளிலிருந்து எடுக்கும் ஒரு சீன மருந்தைத் தைவானின் சாங் குங் மருத்துவமனையில் 42 சொரியாசிஸ் நோயாளிகளிடம் சோதித்து, வெறும் களிம்பைவிட அது நன்றாக வேலை செய்கிறது என்று 2008-இல் வெளியிட்டார்கள்.

வெட்பாலைத் தைலம் பொதுவாகத் தோலை உறுத்தாத மருந்து. ஆனால் அதைத் தேடி வருகிறவர்களின் தோல் அதற்கு முன்பே பல மருந்துகளைப் பார்த்த தோல். தார் கலந்த களிம்பு, சாலிசிலிக் அமிலக் களிம்பு, வைட்டமின் டி வகைக் களிம்பு, டாக்ரோலிமஸ் என்று ஒவ்வொன்றும் ஒரு மாதம், இரண்டு மாதம். பிறகு, “போட்டா எரியுது டாக்டர், விட்டுட்டேன்.” சொரியாசிஸ், கரப்பான், முகப்பரு, வெண்புள்ளி எதுவானாலும் இந்த வாக்கியம் ஒன்றுதான். இதற்கு நேர் எதிரான வாக்கியத்தைப் பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்: “எரிஞ்சாத்தான்மா மருந்து பிடிக்குதுன்னு அர்த்தம். பொறுத்துக்கோ.”

இரண்டுமே தவறு. எரிச்சல் மருந்து வேலை செய்வதற்கு அத்தாட்சி அல்ல. மருந்தை ஒரேயடியாகத் தூக்கிப் போடுவதற்கும் அது போதுமான காரணம் அல்ல. எப்போது எரிகிறது, எங்கே எரிகிறது, எவ்வளவு நேரம் எரிகிறது என்று பார்த்தால் என்ன செய்யவேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

தோலின் மேலடுக்கு ஒரு செங்கல் சுவர் மாதிரி. இறந்த செல்கள் செங்கல், அவற்றுக்கு நடுவே இருக்கும் கொழுப்புப் பொருள்கள் சாந்து. அமெரிக்கத் தோல் ஆய்வாளர் பீட்டர் எலியாஸ் 1980-களில் பரப்பிய இந்த உவமையைத் தோல் மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஆரோக்கியமான தோலில் கீழே பிறக்கும் ஒரு செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிறது. சொரியாசிஸ் தோலில் நான்கைந்து நாளிலேயே வந்துவிடுகிறது. அவசரத்தில் எழுந்த சுவரில் சாந்து சரியாகப் பூசப்படுவதில்லை. உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகிறது. வெளியிலிருந்து எதைத் தடவினாலும் வேகமாக உள்ளே இறங்குகிறது. பக்கத்து ஆளுக்குச் சுருக்கென்றுகூட இல்லாத களிம்பு நமக்கு நெருப்பாக எரிவது இதனால்தான். உடம்பு மென்மை, மனசு மென்மை என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

சொரியாசிஸ்காரர்கள் எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு இருக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1870-களில் ஹைன்ரிஷ் கோப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் தம் நோயாளி ஒருவரிடம் விசித்திரமான ஒன்றைக் கவனித்தார். குதிரை கடித்த இடத்திலும், பச்சை குத்திக்கொண்ட இடத்திலும், சொறிந்த கீறல்களிலும் புதிதாகச் சொரியாசிஸ் முளைத்திருந்தது. தோல் எங்கே காயப்படுகிறதோ அங்கே நோய் புதிதாக வரக்கூடும். மருந்து தோலைப் புண்ணாக்கினால் அதுவும் காயம்தான். நோயைத் தீர்க்கப் போட்ட மருந்தே நோய்க்குப் புது இடம் பிடித்துக் கொடுத்துவிடலாம். நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கு மற்றொரு தண்டனையும் சேர்கிறது: எரிச்சல் ஆறிய பிறகும் அந்த இடம் கறுத்து மாதக்கணக்கில் நிற்கும். முகப்பருவுக்கு மருந்து போட்ட பெண் பருவைவிடக் கரும்புள்ளிக்காக அதிகம் அழுவதை எந்தத் தோல் மருத்துவரும் சொல்வார்.

எரிச்சலை அளந்து ஆளலாம் என்று மருத்துவம் கற்றுக்கொண்ட கதையில் நம் நாட்டுக் கடைத்தெருவுக்கும் பங்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாய்ப் பக்கத்தில் படர்தாமரைக்குக் ‘கோவா பொடி’ என்று ஒரு மஞ்சள் பொடி விற்றது. உண்மையில் அது பிரேசில் நாட்டு அராரோபா மரத்தின் தண்டுக்குள்ளிருந்து எடுப்பது; போர்ச்சுகீசியக் கப்பல்களில் கோவா வந்து, கோவாவின் பெயரையே பெற்றுவிட்டது. லண்டன் மருத்துவர் பால்மன்னோ ஸ்க்வயரிடம் வந்த ஒரு நோயாளி, தனக்கு இருப்பது படர்தாமரை என்று நினைத்து இந்தப் பொடியைப் பூசியிருந்தார். இருந்ததோ சொரியாசிஸ். அது அடங்கிவிட்டது. 1876-இல் ஸ்க்வயர் இதை எழுதினார். முதல் உலகப் போரில் பொடி வரத்து நின்றதும் ஜெர்மானியர்கள் 1916-இல் அதே வகை மருந்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். அதுதான் டித்ரனால். நம் ஊரில் வண்டுகொல்லி அல்லது சீமை அகத்தி என்று சொல்லும் செடியின் இலையும் இதற்கு உறவு. அதில் இருக்கும் கிரைசோஃபனால் என்ற பொருள் கோவா பொடியிலும் உண்டு. படைக்கு அந்த இலையை அரைத்துப் பூசிய பாட்டிகளிடம் காரணம் இருந்தது.

டித்ரனால் நல்ல மருந்து. ஆனால் நெருப்பு மருந்து. படையைச் சுற்றியிருக்கும் நல்ல தோலில் பட்டால் சிவந்து புண்ணாகும், தோலும் துணியும் பழுப்பு ஊதாவாகக் கறைபடும். இரவு முழுக்கப் பூசி வைத்திருந்து காலையில் கழுவுவதுதான் வெகுகாலம் வழக்கம். 1980-இல் தோல் ஆய்வாளர் ஹான்ஸ் ஷேஃபரும் அவர் குழுவினரும் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார்கள்: மருந்து உள்ளே போக எவ்வளவு நேரம் ஆகிறது? சாந்து பெயர்ந்திருக்கும் சொரியாசிஸ் தோலில் அது வேகமாக இறங்குகிறது, நல்ல தோலில் மெல்லத்தான் இறங்குகிறது. அப்படியானால் அரை மணி நேரத்துக்குள் கழுவிவிட்டால் படைக்கு வேண்டியது கிடைத்திருக்கும், நல்ல தோலுக்கு எரிச்சல் தொடங்கியிருக்காது. குறுநேரப் பூச்சு என்று இந்த முறை உலகம் முழுக்கப் பரவியது. மருந்தின் வீரியத்தைக் குறைத்து இந்தப் பலனைப் பெறவில்லை, கடிகாரத்தைப் பார்த்துப் பெற்றார்கள். எனக்கு இந்த ஆய்வின்மேல் தனி மரியாதை உண்டு. நோயாளியின் வலியை அலட்சியப்படுத்தாமல் அதையே அளவுகோலாக எடுத்துக்கொண்ட ஆய்வு இது.

வீரியத்தைக் குறைத்தாலும் பலன் குறையாது என்பதற்கு வேறு சான்றுகள் இருக்கின்றன. முகப்பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடில் 2.5 சதவீதமும், 5 சதவீதமும், 10 சதவீதமும் ஏறக்குறைய ஒரே அளவு பருவைக் குறைக்கின்றன என்று 1986-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. எரிச்சலும் தோல் உரிதலும் 10 சதவீதத்தில் அதிகம். ரெட்டினாய்டு வகையான ட்ரெட்டினாயினிலும் இதே முடிவு. வெயிலால் முதிர்ந்த தோலுக்கு 0.1 சதவீதமும், அதில் கால் பங்கான 0.025 சதவீதமும் 48 வாரங்களில் ஒரே மாதிரி முன்னேற்றம் தந்தன என்று 1995-இல் கிரிஃபித்ஸ் குழு வெளியிட்டது. எரிச்சலில் மட்டும் இரண்டுக்கும் நிறைய வித்தியாசம். எரிந்தால்தான் மருந்து என்ற நம்பிக்கைக்கு இதைவிட நேரான மறுப்பு வேண்டியதில்லை. மருந்துக் கடையில் “பவர் ஜாஸ்தியா உள்ளதைக் கொடுங்க” என்று கேட்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எரிச்சல்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. டாக்ரோலிமஸ் களிம்பு பூசிய சில நிமிடங்களில் மிளகாய் பட்டதுபோல் எரியும். மிளகாய்க் காரத்தை உணர்கிற அதே நரம்பு இழைகளைத்தான் அது தூண்டுகிறது. தோல் அங்கே கெட்டுப்போவதில்லை. ஒரு வாரம் போல் தொடர்ந்து போட்டு, புண் ஆற ஆற இந்த எரிச்சல் தானாகத் தணியும். ட்யூபை ஃப்ரிட்ஜில் வைத்திருந்து குளிர்ச்சியாகப் பூசினால் முதல் நாள்களைத் தாண்டுவது எளிது. ஈரத் தோலில் பூசாமல் உலர்ந்த பிறகு பூசவேண்டும். இந்தச் சின்ன விவரத்தை யாரும் சொல்லாததால் நல்ல மருந்தைக் கைவிட்டவர்கள் ஏராளம்.

சாலிசிலிக் அமிலம், தார், ரெட்டினாய்டு வகைகளின் எரிச்சல் வேறு மாதிரி. பூசிய இடத்தில் மட்டும், பூசிய அளவுக்கு ஏற்ப, சில நாளில் சிவந்து காய்ந்து உரியும். இதற்கு அளவையும் நேரத்தையும் குறைத்தால் போதும். ஒன்றாகப் போடும் மருந்துகளுக்குள் சண்டை உண்டா என்றும் கேட்டுவிட வேண்டும். வைட்டமின் டி வகையான கால்சிபோட்ரியாலைச் சாலிசிலிக் அமிலத்தோடு சேர்த்துப் பூசினால் அமிலம் அதைச் செயலிழக்கச் செய்துவிடும். எரிச்சல் மட்டும் மிஞ்சும், பலன் இருக்காது.

மூன்றாவது வகை ஒவ்வாமை. இதைப் புரிந்துகொள்ள ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரத்துக்குச் சற்று வடக்கே போகலாம். குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லாவரம் பக்கம் வந்த குரோம் லெதர் கம்பெனி. குரோமியம் உப்பில் பதப்படுத்திய தோல் அதன் சரக்கு. இந்தக் குரோமியம் உலகெங்கும் தோல் ஒவ்வாமையைத் தூண்டும் முக்கியமான பொருள்களில் ஒன்று; தோல் செருப்பிலும் இருக்கிறது, சிமென்ட்டிலும் இருக்கிறது. புறநகரெங்கும் அடுக்குமாடி கட்டும் கொத்தனார், சித்தாள்களின் கைகளில் வெடிப்பும் அரிப்புமாக வருவதில் இதற்குப் பங்கு உண்டு. ஒவ்வாமை உடனே வராது. ஒருமுறை உடம்பு அந்தப் பொருளை எதிரியாக நினைவில் வைத்துக்கொண்டால், அடுத்த முறை பட்ட இரண்டு மூன்று நாளில் அரிப்பும் நீர்க்கொப்புளமும் கிளம்பி, பட்ட எல்லையைத் தாண்டிப் பரவும். கொஞ்சம் பட்டாலே போதும். களிம்பில் இருக்கும் நியோமைசின், வாசனைப் பொருள், கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம் எல்லாம் இதே வேலையைச் செய்யக்கூடும். சித்த, ஆயுர்வேதத் தைலங்களும் இதற்கு விலக்கல்ல. மூலிகைக்கும் ஒவ்வாமை வரும். அளவைக் குறைத்துப் பயனில்லை, அந்தப் பொருளையே நிறுத்தவேண்டும். எது என்று கண்டுபிடிக்க முதுகில் ஒட்டுகள் ஒட்டி, இரண்டாம் நாளும் நான்காம் நாளும் பார்க்கும் சோதனை பெரிய அரசு மருத்துவமனைகளின் தோல் பிரிவுகளில் உண்டு. புதிதாக எந்தத் தைலமோ களிம்போ தொடங்கும் முன் முழங்கையின் உட்பக்கம் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் தினம் இருவேளை ஒரு வாரம் பூசிப் பார்ப்பது வீட்டிலேயே செய்யக்கூடிய முன்னெச்சரிக்கை.

இனி நம் தாம்பரம் பகுதியின் தொல்லை: தண்ணீர். முடிச்சூரிலிருந்து மேடவாக்கம் வரை போர் தண்ணீரில் குளிக்கிற வீடுகள் கணக்கில்லை. வாளியின் விளிம்பில் வெள்ளையாகப் படியும் உப்பு, நுரைக்க மறுக்கும் சோப்பு, கழுவினாலும் போகாத பிசுக்கு, இதெல்லாம் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம் இருப்பதன் அடையாளம். நுரை வரவில்லை என்று இன்னும் கொஞ்சம் சோப்புத் தேய்க்கிறோம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் சைமன் டான்பி குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கடின நீரில் கழுவும்போது சோப்புப் பொருள் தோலில் அதிகமாகப் படிந்து உறுத்துவது தெரிந்தது. அப்படிக் கழுவிய தோலில் மருந்தைப் பூசினால் எரிச்சல் மருந்தினுடையதா, சோப்பினுடையதா என்று எப்படிச் சொல்வது? உடனே தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் வாங்க ஓடவேண்டாம். கரப்பான் உள்ள 336 குழந்தைகளின் வீடுகளில் அந்த இயந்திரத்தைப் பொருத்திப் பார்த்த பிரிட்டிஷ் ஆய்வு, நோயின் தீவிரம் அதனால் குறையவில்லை என்று 2011-இல் சொல்லிவிட்டது. அந்தக் காசை மிச்சப்படுத்திச் சோப்பைக் குறையுங்கள். அக்குள், தொடை இடுக்கு, பாதம் தவிர மற்ற இடங்களுக்குத் தினமும் சோப்பு தேவையில்லை. பாலாற்றுத் தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ கிடைக்கும் வீடுகளில் கடைசி இரண்டு சொம்பு அதுவாக இருக்கட்டும். மருத்துவர் சொல்லாமல் குளிக்கும் நீரில் கிருமிநாசினி ஊற்றும் பழக்கம் நாள்பட்ட தோல் நோய்க்காரர்களுக்கு அறவே கூடாது.

வெயிலும் வியர்வையும் கூடவே வருகின்றன. மாலை நேர மின்சார ரயிலில் நெரிசலில் நின்று வந்து இறங்கிய உடம்பில், உப்பு காயாத தோலில் களிம்பைத் தடவினால் எந்த மருந்தும் எரியும். கழுவி, மின்விசிறிக் காற்றில் உலர்ந்து, இருபது நிமிடம் கழித்துப் பூசுங்கள். கையுறை மாட்டி வேலை செய்கிறவர்கள் மருந்தை வேலைக்கு முன் பூசாமல் இரவுக்கு வைத்துக்கொள்வது நல்லது. மூடிய தோலில் மருந்து பல மடங்கு இறங்கும். அளவான வெயில் சொரியாசிஸுக்கு உதவும். ஆனால் வெண்புள்ளிக்குத் தரும் கார்போகரிசியில் சொராலென் இருக்கிறது. அது வெயிலோடு சேர்ந்துதான் வேலை செய்யும், வெயில் கூடினால் கொப்பளிக்கும். தார் பூசிய தோலும் வெயில் தாங்காது. எலுமிச்சைச் சாற்றைப் படையில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனால் ஒழுகிய தடமெல்லாம் கறுப்புக் கோடாகிவிடும்.

எரிச்சலுக்குப் பயந்து நல்ல மருந்தை விட்டவர்கள் போய்ச் சேரும் இடம்தான் என்னை மிகவும் வருத்துகிறது. “அண்ணே, அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் கொடுங்க” என்று மருந்துக் கடையில் கேட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் வீரிய ஸ்டீராய்டும் பூஞ்சைக்கொல்லியும் நுண்ணுயிர்க்கொல்லியும் கலந்த ட்யூப். அது எரியாது. இரண்டே நாளில் அரிப்பு அடங்கும். அதனால்தான் ஆபத்து. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், தொடையிலும் அக்குளிலும் நிரந்தரக் கோடு விழும், முகத்தில் ரத்தக் குழாய்கள் தெரியும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியத் தொடங்கும். அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடி அதையே போடுவார்கள். படர்தாமரையோ அடங்குவதுபோல் அடங்கிப் பல மடங்காகக் கிளம்பும். வழக்கமான பூஞ்சை மருந்தான டெர்பினாஃபைனுக்குப் பணியாத பூஞ்சை ஒன்று இந்திய, நேபாள நோயாளிகளிடமிருந்து ஜப்பானில் பிரித்தெடுக்கப்பட்டு, 2020-இல் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயர் பெற்றது. பெயரிலேயே நம் நாடு இருக்கிறது. தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் போராடியதன் பலனாக 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது, கடையில் கேட்காமல் இருப்பது நம் கையில். மருத்துவர் பார்த்து, இடமும் நாளும் குறித்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு நல்ல மருந்துதான். சிலர் அந்தப் பெயரைக் கேட்டாலே ஓடுவதும் சரியல்ல.

களிம்பின் அளவுக்கு ஒரு எளிய கணக்கு. 1991-இல் கார்டிஃபில் லாங்கும் ஃபின்லேயும் வகுத்தது. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபிலிருந்து ஒரு கோடு பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். விரல்களும் சேர்ந்த இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். முகத்துக்கான ரெட்டினாய்டு பட்டாணி அளவு, அதுவும் முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், மாய்ஸ்சரைசருக்கு மேல். சாலிசிலிக் அமிலமோ தாரோ பூசும்போது படையைச் சுற்றியுள்ள நல்ல தோலில் முதலில் வாசலின் தடவி வேலி கட்டலாம். வெடிப்புள்ள தோலுக்கு ஆல்கஹால் கலந்த ஜெல்லும் லோஷனும் எரியும். அதே மருந்து ஆயின்மென்ட் வடிவில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். குளித்துத் துவட்டிய ஈரம் காய்வதற்குள் உடம்பு முழுக்க வாசலினோ லிக்விட் பாரஃபினோ தேங்காய் எண்ணெயோ தடவுவது எல்லா மருந்தின் எரிச்சலையும் குறைக்கும். மருந்து அதன் பிறகு, சற்று இடைவெளி விட்டு. விலை உயர்ந்த கிரீம் இல்லை என்று யாரும் கவலைப்பட வேண்டாம். தலையில் பொடுகுப் படை உள்ளவர்களும் முகப்பரு உள்ளவர்களும் மட்டும் அந்த இடங்களில் தேங்காய் எண்ணெயைத் தவிர்க்கவேண்டும்.

இமை வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சலோடு எரிச்சல் வந்தாலோ, சொரியாசிஸ்காரருக்கு உடம்பு முழுக்கச் சிவந்து தோல் உரியத் தொடங்கினாலோ மருந்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மற்ற நேரங்களில் சொல்லாமல் நிறுத்தாதீர்கள், சொல்லாமல் பொறுத்துக்கொண்டும் இருக்காதீர்கள். அடுத்த முறை சானடோரியத்துக்குப் போனாலும், அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போனாலும், வீட்டிலிருக்கும் எல்லா ட்யூபையும் தைலத்தையும் சோப்பையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சித்த மருத்துவரிடம் இங்கிலீஷ் மருந்தை மறைக்காதீர்கள், தோல் மருத்துவரிடம் தைலத்தை மறைக்காதீர்கள். பூசிய எத்தனை நிமிடத்தில், அல்லது எத்தனை நாளில், எந்த இடத்தில் எரிகிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் கொடுங்கள்.